தொலைவில் கேட்ட கடல்கோள்

கடல்கோள் தமிழ் இலக்கியத்துக்குப் புதிய பொருள் அன்று. குமரிக்கோடு கடலுள் மறைந்ததைச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. தன் நிலத்தைக் கடல் கொண்டபோது பாண்டியன் புதுநிலம் தேடிக்கொண்டதைக் கலித்தொகை சொல்கிறது. முதற்சங்கமும் இடைச்சங்கமும் இருந்த நகரங்கள் கடலால் கொள்ளப்பட்டன என்று இறையனார் அகப்பொருளுரை கூறுகிறது. இவையெல்லாம் மாணவர் பாடமாகப் பயின்று வரும் செய்திகள். ஆயினும் இவற்றைப் பயில்வோர் பெரும்பாலும் எழுப்பாத வினா ஒன்று உண்டு. அழிவை நேரிற் கண்டவன் கூறுவது ஒருவகை. தொலைவில் இருந்து செய்தியாகக் கேட்டவன் கூறுவது மற்றொருவகை. தொலைவில் இருப்பவன் எதைப் பாடலாம்? எப்படிப் பாடலாம்? அவன் பாடியதனால் எவருக்கு என்ன பயன்?

இவ்வினா இக்காலத்துக்கு இன்றியமையாதது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளும், 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாளும் நேர்ந்த பேரழிவுகளை உலகமே செய்தியாகப் பின்தொடர்ந்தது. இத்தகைய நாள்களுக்குப்பின் இதழ்களிலும் ஆண்டு மலர்களிலும் இரங்கற்பாக்கள் நிறைகின்றன; பள்ளிக் கட்டுரை ஏடுகளிலும் அவற்றின் எதிரொலி கேட்கிறது. எழுதியோரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் நல்லெண்ணம் மட்டுமே நல்ல இலக்கியம் ஆகிவிடாது. அதனை அளப்பதற்குரிய கோல் எது என்று காண்பதே ஈண்டு நோக்கம்.

மணிபல்லவத்தில் கேட்ட செய்தி

தொலைவில் இருந்து கடல்கோட் செய்தியைக் கேட்கும் காட்சி தமிழில் மணிமேகலையிலேயே அமைந்திருக்கிறது. சாவக நாட்டு அரசன் புண்ணியராசனுடன் மணிமேகலை மணிபல்லவத்தில் இருக்கிறாள். அங்கே தீவதிலகை தோன்றி, காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்று அவளுக்கு உரைக்கிறாள். அவள் பிறந்து வளர்ந்த நகரம் அழிந்துவிட்டது. அதனை அவள் காணவில்லை. ஒரு தீவில் நின்று கேட்கிறாள்.

இக்காட்சியில் சீத்தலைச் சாத்தனார் காட்டும் அடக்கம் எண்ணி மகிழத்தக்கது. அலை எழுந்த விதத்தை அவர் வருணிக்கவில்லை. மாடமாளிகைகள் சாய்ந்ததைப் பாடிப் பக்கம் நிரப்பவில்லை. தீவதிலகை மூன்றே செய்திகளைத் தருகிறாள். நடந்தது என்ன என்பது ஒன்று. அது ஏன் நடந்தது என்பது இரண்டாவது. மாதவியும் சுதமதியும் அறவண அடிகளும் உயிர் பிழைத்து வஞ்சி நகர் சேர்ந்தனர் என்பது மூன்றாவது. தொலைவில் இருப்பவர் நெஞ்சம் கேட்கும் கேள்விகளும் இவையேயல்லவா? தொலைக்காட்சியின் முன்னும் தொலைபேசியின் அருகிலும் விடியவிடிய விழித்திருப்போர் கேட்பதும், ‘என்ன ஆயிற்று, எதனால் ஆயிற்று, நம்மவர் எங்கே இருக்கின்றனர்?’ என்பதைத்தான்.

காப்பியம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. வஞ்சி நகரில் கோவலனின் தந்தையாகிய மாசாத்துவானை மணிமேகலை காண்கிறாள். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்ளும் என்ற உரையை முன்பே கேட்டதால் தான் அங்குத் தங்கிவிட்டதாக அவன் கூறுகிறான். அழிவுக்குப்பின் வரும் செய்தியையும், அழிவுக்குமுன் வரும் எச்சரிக்கையையும் ஒருங்கே வைத்துக் காட்டும் கதை இது. எச்சரிக்கையைக் கேட்டு அதன்படி ஒழுகியவன் பிழைத்தான் என்பதனைச் சாத்தனார் ஆரவாரமின்றிச் சொல்லிச் செல்கிறார்.

எனினும் குறையையும் கூறுவதே திறனாய்வின் கடமை. இந்திர விழாவை மன்னன் மறந்தமையால் தெய்வம் சினந்தது என்பதே கடல்கோளுக்குக் காப்பியம் காட்டும் காரணம். தன் மகனை இழந்து தேடித் திரிந்த ஒருவன் விழாவை மறந்தான். அதற்காக ஊர் முழுதும் அழிந்தது. அவ்வூரில் இருந்த உமணரும் பரதவரும் செய்த பிழை யாது? இவ்வினாவுக்குக் காப்பியத்தில் விடை இல்லை. உறவினர் பிழைத்த செய்தி உண்டு; பெயரறியா மக்களின் கதி பற்றிய சொல் இல்லை. தொலைவில் இருந்து எழுதுவோர் இன்றுவரை வழுக்கி விழும் இடங்கள் இவ்விரண்டுமே. காரணம் அறியாமல் சினத்தையும் சாபத்தையும் காரணமாக்குவது ஒன்று. தம்மவரைத் தவிரப் பிறரைக் காணாமல் விடுவது மற்றொன்று.

செய்தியின் இயல்பு

இரங்கற்பா எழுதுவோனுக்குச் செய்தியே மூலப்பொருள். ஆகவே அச்செய்தியின் இயல்பை அறிதல் வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி காலை 8.58 மணிக்குச் சுமாத்திராவின் மேற்கே கடலடித் தளம் பிளந்தது. நிலநடுக்கத்தின் அளவு முதலில் 8 என்று கணிக்கப்பட்டு, பிறகு 8.5 ஆகி, ஒருநாள் கழியுமுன் 9 என உயர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை தமிழகக் கரையையும் இலங்கைக் கரையையும் அடைந்தது. நண்பகல் கழிந்தபின் பினாங்கிலும் கெடாவிலும் கரையேறியது. மலேசியாவில் 68 பேர் மாண்டனர். தமிழகத்தில் சுமார் 8,000 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சுமார் 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர்.

அந்த நாளின் முதற் செய்திகள் இலங்கை, தாய்லாந்து, தமிழகம் ஆகிய இடங்களிலிருந்து வந்தன. எல்லாவற்றினும் மிகுதியாக அழிந்த ஆச்சேயிலிருந்து செய்தி மிகவும் பிந்தியே வந்தது. அங்கே தொலைபேசிக் கம்பிகளும் சாலைகளும் செய்தி சொல்ல வேண்டிய மக்களும் அழிந்துபோயினர். இந்தோனேசியாவில் மட்டும் இறந்தோரும் காணாமற் போனோரும் 1,60,000க்கு மேற்பட்டோர் என்பது பின்னரே தெளிவாயிற்று. இதனால் அறியத்தக்கது யாது? துயரம் மிகுந்த இடத்தில்தான் மௌனமும் மிகுந்திருக்கும். முதலில் வந்த படத்தையும் முதலில் கேட்ட எண்ணையும் கொண்டு பாடியவன், பெரிய துயரத்தைப் பாடாமலே விட்டவன் ஆகிறான்.

மற்றோர் உண்மையும் உண்டு. அலை நாகப்பட்டினம் சேர இரண்டு மணி நேரமும், பினாங்கு சேர நான்கு மணி நேரமும் ஆயின. மின்னலென விரையும் செய்திக் கருவிகள் நிறைந்த காலத்தில், அலை செய்தியை முந்திச் சென்றது. இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு அன்று இல்லை. கடலின் கொடுமையைப் பாடிய பாக்கள் பல. இந்த நான்கு மணி நேரத்தைப் பாடுபொருளாக்கும் எண்ணம் அவற்றில் எளிதில் தோன்றுவதில்லை. ஆனால் அன்றைய துயரத்தின் உட்கரு அங்கேதான் இருக்கிறது.

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் நிலைமை வேறு. ஜப்பானில் பிற்பகல் 2.46 மணி; மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 1.46 மணி. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுப்பின், செண்டாய் சமவெளியின் வயல்கள்மீது கறுப்பு நீர் ஏறி வருவதையும், அதன் எதிரே வண்டிகள் ஓடுவதையும் ஹெலிகாப்டர் ஒன்றிலிருந்து எடுத்த காட்சி அந்நேரத்திலேயே ஒளிபரப்பாயிற்று. தொலைவில் இருந்தோர் அறிந்ததை அவ்வண்டிகளில் இருந்தோர் அறியவில்லை. மேலிருந்து காண்பவனுக்கு அலை வரும் திசை தெரிகிறது, கீழிருப்பவனுக்குத் தெரியவில்லை, கூவி அழைத்தாலும் கேளாது. தொலைவில் நிற்போர்க்கு இதனினும் கொடிய நிலை இலக்கியத்தில் முன்பு அமைந்ததில்லை எனலாம்.

அன்றும் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. நிலநடுக்கத்தின் அளவு முதலில் 7.9 எனக் கணிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்தே 9.0 என உறுதியாயிற்று. அலையின் உயரம் மியாகி மாநிலத்துக்கு 6 மீட்டர், இவாத்தே, புகுஷிமா மாநிலங்களுக்கு 3 மீட்டர் என்பது முதல் அறிவிப்பு. அது பின்னர் உயர்த்தப்பட்டது. உண்மையிலோ சில பள்ளத்தாக்குகளில் நீர் சுமார் 40 மீட்டர் உயரம் வரை ஏறியது. மூன்று மீட்டர் என்ற சொல்லைக் கேட்டு, கடற்சுவர் காக்கும் என நம்பியிருந்து மாண்டவரும் உண்டு. செய்தியில் வரும் ஓர் எண் தொலைவில் இருப்போனுக்கு வெறும் தகவல். அருகில் இருப்போனுக்கு அதுவே உயிர்.

மறுநாள் புகுஷிமா அணுமின் நிலையத்தில் வெடிப்பு நேர்ந்தது. அதுமுதல் செய்தியின் முதன்மைப் பொருளே மாறிவிட்டது. கடல் கொண்டோர் 18,000 பேரைவிட அணு உலை மூன்றே உலகின் கண்ணை ஈர்த்தது. தம் நாட்டுக்கு நச்சுக்காற்று வருமோ என்ற அச்சம் இரக்கத்தை விழுங்கிற்று. செய்தியைப் பின்தொடர்பவன் தன் இரக்கம் எந்த நாளில், எதனால் திசைமாறியது என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அதைக் கேளாதவன் எழுதும் இரங்கற்பா செய்தித்தாளின் நிழலாகவே முடியும்.

அழுகையின் நான்கு நிலைக்களன்கள்

இரங்கற்பாக்களை அளப்பதற்கு வேற்றுநாட்டுக் கோலைத் தேட வேண்டியதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தக்க கோல் ஒன்றை வகுத்துத் தந்திருக்கிறது. அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றுவதற்கு நான்கு நிலைக்களன்களை அது கூறும். பிறரால் இகழப்படும் இளிவு. உயிரையும் உறவையும் உடைமையையும் இழக்கும் இழவு. முன்னிருந்த நல்ல நிலை கெட்டுத் தளரும் அசைவு. நுகர்வதற்கு ஒன்றும் இல்லாத வறுமை என்பன அவை.

கடல்கோளைப் பற்றிய இரங்கற்பாக்களுள் பெரும்பாலானவை இழவு ஒன்றையே பாடுகின்றன. மற்ற மூன்றையும் தொடுவதில்லை. ஏன்? இழவு முதல்நாளிலேயே தொலைக்காட்சியில் தெரிந்துவிடுகிறது. மற்ற மூன்றும் தெரிவதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகின்றன. அதற்குள் பாடுவோன் வேறு பொருளுக்குச் சென்றுவிடுகிறான்.

ஜப்பானில் வீடும் தோட்டமுமாக வாழ்ந்த முதியவர்கள், பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களில் அட்டைத் தடுப்புகளுக்கிடையே வாரக்கணக்கில் படுத்திருந்தனர். அஃது அசைவு. சான்ரிக்குக் கரையிலும் நாகப்பட்டினத்திலும் படகும் வலையும் இழந்த மீனவர், கடல் எதிரே இருந்தும் தொழில் செய்ய இயலாதிருந்தனர். அது வறுமை. புகுஷிமாவிலிருந்து குடிபெயர்ந்த பிள்ளைகள் சிலர், சென்று சேர்ந்த பள்ளிகளில் உடன்பயில்வோரால் இகழப்பட்டனர். அது பல ஆண்டுகளுக்குப்பின் வெளிப்பட்டு அந்நாட்டு ஆசிரிய உலகை வருத்தியது. அதுவே இளிவு. இம்மூன்றையும் பாடாத பா, துயரத்தின் நான்கில் ஒரு பங்கையே பாடியதாகும்.

மற்றொரு குறை உவமை பற்றியது. கடலைத் தாய் எனத் தொடங்கி, அத்தாயே பிள்ளைகளை உண்டாள் என முடிப்பது வழிவழி வந்த வாய்பாடாகிவிட்டது. இத்தகைய பாவில் ஊரின் பெயரை எடுத்துவிட்டு வேறோர் ஊரின் பெயரை வைத்தாலும் பா சிறிதும் குலையாது. நாகப்பட்டினத்துக்கு எழுதியது ஆச்சேக்கும் பொருந்தும். ஆச்சேக்கு எழுதியது ஜப்பானுக்கும் பொருந்தும். எல்லா ஊருக்கும் பொருந்துவது எந்த ஊருக்கும் உரியது ஆகாது. சங்கப் புலவர் ஒரு துறையைப் பாடும்போது அதன் மணலையும் ஞாழலையும் புன்னையையும் பெயர் சொல்லிப் பாடினர். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல்; ஆயினும் கருப்பொருள் இன்றி அவ்விரங்கல் நிற்பதில்லை. இடத்தை அறியாத இரங்கலுக்கு வேர் இல்லை.

வேற்றுமொழி எழுத்தாளர் இருவர்

தொலைவில் இருந்து எழுதிய பிறமொழியாளர் இருவரை ஒப்பிட்டுக் காண்பது தெளிவு தரும்.

1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தாலும் கடல் அலையாலும் தீயாலும் அழிந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அப்போது ஜெனீவா அருகே இருந்தார். ஏறத்தாழ மூன்று வாரங்கள் கழித்தே அவருக்குச் செய்தி கிடைத்தது. 1756இல் அவர் வெளியிட்ட பாடல், உலகில் நடப்பன எல்லாம் நன்மைக்கே என்ற மெய்யியலை வன்மையாக எதிர்த்தது. இறந்த குழந்தைகள் செய்த குற்றம் யாது என்று அவர் கேட்டார். மணிமேகலையில் எழாத வினா இங்கே எழுந்தது. அதுவே அப்பாடலின் பெருமை. ஆனால் லிஸ்பன் மக்கள் அதில் ஒரு வாதத்தின் சான்றாகவே நிற்கின்றனர். ரூசோ அதே ஆண்டில் அவருக்கு எழுதிய மடலில் வேறொரு கருத்தை வைத்தார். ஆறு, ஏழு அடுக்கு வீடுகளை நெருக்கமாகக் கட்டியது இயற்கையன்று, மனிதரே என்றார். உடைமையை எடுக்க நின்றதால் மாண்டவரையும் சுட்டிக்காட்டினார். போர்த்துகல் அரசோ ஊர்தோறும் வினாத்தாள் அனுப்பியது. நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் உயர்ந்ததா தாழ்ந்ததா, எத்தனை பேர் இறந்தனர் என்று கேட்டது. நிலநடுக்க ஆய்வு வளர்ந்தது அவ்வினாத்தாள் போன்ற முயற்சிகளிலிருந்துதான். கவிஞரின் வினா வானை நோக்கியது. அரசின் வினா மண்ணை நோக்கியது. இரண்டும் வேண்டும்.

மற்றவர் ஜப்பானிய எழுத்தாளர் ஹருக்கி முரகாமி. 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் கோபே நகரில் நேர்ந்த நிலநடுக்கத்தில் 6,400க்கு மேற்பட்டோர் மாண்டனர். கோபே அருகே வளர்ந்த முரகாமி அப்போது அமெரிக்காவில் இருந்தார். 2000ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பில் ஆறு கதைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றுகூட அழிந்த நகரில் நிகழவில்லை. முதற்கதையில் ஒரு பெண் ஐந்து நாள் இடைவிடாமல் தொலைக்காட்சியில் அழிவுக் காட்சிகளைக் காண்கிறாள். பிறகு கணவனை விட்டு நீங்கிச் செல்கிறாள். அழிவு தொலைவில் நிகழ்ந்தாலும் கேட்டவர் மனத்தில் பிளவை உண்டாக்குகிறது என்பதே அக்கதைகளின் உட்பொருள். தாம் காணாததைக் கண்டதுபோல் அவர் எழுதவில்லை, அந்நேர்மை போற்றத்தக்கது. ஆயினும் இறந்தோருக்கு அக்கதைகளில் முகம் இல்லை. தொலைவை ஒப்புக்கொள்வது நேர்மை. தொலைவிலேயே தங்கிவிடுவது குறை.

செய்தி பாடமான வரலாறு

தொலைவில் கேட்ட செய்தி இலக்கியமாகி, இலக்கியம் பாடமாகிய வரலாறு ஒன்று உண்டு. ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது அது.

1896ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் ஜப்பானின் சான்ரிக்குக் கரையைத் தாக்கிய அலையில் சுமார் 22,000 பேர் மாண்டனர். அப்போது கோபேயில் வாழ்ந்த எழுத்தாளர் லஃப்காடியோ ஹர்ன் அதனைச் செய்தியாகவே கேட்டார். அதனை அப்படியே எழுதாமல், 1854ஆம் ஆண்டு வாகயாமா பகுதியில் நடந்த பழைய நிகழ்ச்சி ஒன்றைக் கதையாக்கினார். குன்றின்மேல் வாழும் ஊர்த்தலைவர் ஒருவர் நில அதிர்வை உணர்கிறார். கடல் பின்வாங்குவதைக் காண்கிறார். கீழே விழாக் கொண்டாட்டத்தில் இருக்கும் மக்களை அழைக்க நேரமில்லை. அறுவடை செய்து அடுக்கிவைத்த தம் நெற்போர்களுக்குத் தீ வைக்கிறார். தீயை அணைக்க மக்கள் மேலே ஓடிவர, கீழே ஊரைக் கடல் கொள்கிறது. நானூறு உயிர்கள் பிழைக்கின்றன.

இக்கதையைப் படித்த ஜப்பானியப் பள்ளி ஆசிரியர் நக்காய் சுனேஸோ, அதனைச் சிறுவர்க்கேற்பச் சுருக்கி எழுதி, 1934இல் கல்வி அமைச்சு நடத்திய பாடத் தேர்வுக்கு அனுப்பினார். 1937 முதல் 1947 வரை ஐந்தாம் வகுப்பு மொழிப்பாட நூலில் அது இடம்பெற்றது. அதற்கு ‘நெற்போர்த் தீ’ என்னும் பொருள்படும் பெயர் வழங்கியது. பத்தாண்டுகள் ஒரு நாட்டின் பிள்ளைகள் அனைவரும் அதனைப் படித்தனர். ஐக்கிய நாட்டு நிறுவனம் நவம்பர் 5ஆம் நாளைச் சுனாமி விழிப்புணர்வு நாளாக 2015இல் அறிவித்ததும் அந்த 1854ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நினைந்தேயாகும். இலக்கண இலக்கியம் கற்பிக்கும் மொழிப்பாட நூலால் உயிரும் காக்க இயலும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஆனால் இக்கதைக்கும் திறனாய்வு உண்டு. உண்மையான ஹமகுச்சி கோர்யோ முதியவர் அல்லர். முப்பத்தைந்து வயதளவில் இருந்தவர். அவர் தீயிட்டது வைக்கோற் போர்களுக்கு. இருளில் ஓடுவோருக்கு வழிகாட்டவே அவ்வாறு செய்தார். 1854இல் நடுக்கம் வலியது, கதையிலோ மெல்லியது. மெல்லிய நடுக்கம் 1896ஆம் ஆண்டுச் செய்திக்கு உரியது. இரண்டு கடல்கோள்கள் ஒரு கதையில் கலந்துவிட்டன. கோர்யோவின் பெருஞ்செயலும் கதையில் இல்லை. அழிவுக்குப்பின் அவர் தம் செலவில் சுமார் 600 மீட்டர் நீளக் கடற்சுவர் கட்டுவித்தார். அவ்வேலையால் ஊர் மக்களுக்குக் கூலியும் கிடைத்தது. 1946இல் மீண்டும் அலை வந்தபோது ஊரின் பெரும்பகுதியைக் காத்தது அச்சுவரே. தீ கதையாயிற்று; சுவர் கதையாகவில்லை. ஒரு நாள் வீரத்தைப் பாட விரும்பும் எழுத்து, நான்காண்டு உழைப்பைப் பாட விரும்புவதில்லை போலும்.

இதனினும் கவலைக்குரியது ஒன்று. கடல் பின்வாங்கியபின் அலை வரும் என்பது மட்டுமே கதை கற்பிக்கும் அடையாளம். எல்லா இடத்திலும் கடல் பின்வாங்குவதில்லை. முதலிலேயே எழுந்து வருவதும் உண்டு. பின்வாங்கட்டும் என்று காத்து நிற்கும் பிள்ளை பிழைக்க முடியாது. ஆகவே அழகிய கதைக்கும் சரியான அறிவு துணை வேண்டும்.

பாட்டும் கல்லும் பள்ளியும்

இலக்கியத்தை எச்சரிக்கைப் பலகையாக்குவது தகுமா என்று சிலர் வினவக்கூடும். கலைக்குப் பயன் கற்பிப்பது அதன் உயர்வைக் குறைக்கும் என்பது அவர்தம் கருத்து. இக்கருத்துக்குச் சுமாத்திராவின் மேற்கே உள்ள சிமெலுவே தீவு விடை கூறுகிறது. 1907இல் அத்தீவை அலை அழித்தது. பிழைத்தோர் அதற்குச் ‘சுமோங்’ என்று பெயரிட்டு, பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் வலுவாக நடுங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் கரு. 2004இல் நடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அருகே இருந்தது அத்தீவு. அங்கு வாழ்ந்த சுமார் 78,000 பேருள் அலையால் இறந்தோர் ஏழு பேர். எச்சரிக்கைப் பலகையாக இருந்திருந்தால் அது மழையில் அழிந்திருக்கும். பாட்டாக இருந்ததால் 97 ஆண்டுகள் நின்றது. பயன் கலையைக் குறைக்கவில்லை. கலையே பயனைக் காத்தது.

ஜப்பானின் அனேயோஷி என்னும் சிற்றூரில் ஒரு கல் நிற்கிறது. 1896, 1933 ஆகிய ஆண்டுகளில் அழிந்த ஊர் அது. இவ்விடத்துக்குக் கீழே வீடு கட்ட வேண்டா என்பது 1933க்குப்பின் நட்ட அக்கல்லின் பொருள். 2011இல் அலை கல்லுக்குக் கீழேயே நின்றது. மேலே இருந்த வீடுகள் பிழைத்தன. வீரனுக்கு நடுகல் எடுத்த தமிழர்க்குக் கல்லின் சொல் எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை.

இனி, பள்ளி. கமாய்ஷி நகரில் 2011க்குமுன் பல ஆண்டுகள், காத்தாடா தோஷித்தாக்கா என்னும் பேராசிரியரின் வழிகாட்டலில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடல்கோள் பற்றிக் கற்பித்து வந்தனர். வரைபடத்தில் வரைந்த எல்லையை நம்பி நிற்காதே என்பது அவர் கற்பித்தவற்றுள் முதலாவது. உனோசுமாய்ப் பகுதிப் பள்ளிகள் இரண்டும் அலை எட்டாது என வரைபடத்தில் குறித்த இடத்தில் இருந்தன. நடுக்கம் நின்றதும் இடைநிலைப் பள்ளி மாணவர் ஓடினர்; அவரைக் கண்டு தொடக்கப்பள்ளிச் சிறுவரும் ஓடினர்; பெரியவர் சிறியவரின் கையைப் பிடித்துக்கொண்டனர். முதலில் நின்ற இடமும் போதாது எனக் கண்டு மேலும் மேலும் ஏறினர். இரு பள்ளிக் கட்டடங்களையும் நீர் மூடியது. அன்று பள்ளியில் இருந்த பிள்ளைகள் பிழைத்தனர்.

இஷினோமாக்கி நகரின் ஓகாவா தொடக்கப்பள்ளியும் வரைபட எல்லைக்கு வெளியேதான் இருந்தது. கடலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவு, பின்னால் குன்று. நடுக்கத்துக்குப்பின் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிள்ளைகள் திடலில் நிறுத்திவைக்கப்பட்டனர். 74 மாணவரும் 10 ஆசிரியரும் உயிரிழந்தனர். முன்னேற்பாடு போதாமையைச் சுட்டிய உயர்நீதிமன்றத் தீர்ப்பு 2019இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியாயிற்று. அவ்வாசிரியர்களைக் குறைகூறுவது தொலைவில் இருப்போர்க்கு எளிது. அவர்களும் தம் பிள்ளைகளோடு மாண்டவர்கள் என்பதை மறத்தல் ஆகாது. ஒரு பள்ளிக்கு முன்பே கிடைத்திருந்த பாடம் மற்றொரு பள்ளிக்குக் கிடைக்கவில்லை என்று கூறுவதே நேர்மையாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் அளவுகோல்கள் மூன்று. முதலாவது, தொலைவில் இருந்து எழுதுவோன் தன் தொலைவை மறைக்கலாகாது. காணாததைக் கண்டதாகப் பாடுதல் இறந்தோர்க்குச் செய்யும் மரியாதை அன்று. இரண்டாவது, இடத்தையும் காரணத்தையும் எண்ணையும் பிழையற அறிந்தபின்னரே எழுத வேண்டும். முதல்நாட் செய்தியோடு நின்றுவிடாமல், அடுத்த ஆண்டு அம்மக்கள் எந்நிலையில் உள்ளனர் என்பதையும் அறிய வேண்டும். மூன்றாவது, எழுதியது பின்வருவோர் கையில் ஏதேனும் ஒன்றைத் தந்து செல்ல வேண்டும்.

கடல்கோள் பற்றிக் கட்டுரை எழுதப் பணிக்கும் தமிழாசிரியர், கண்ணீரை வருணிக்கும் சொற்றொடர்களைக் கரும்பலகையில் எழுதித் தருவதோடு அமையலாகாது. அவ்வூர் எங்கே இருக்கிறது, அங்குள்ளோர் செய்யும் தொழில் யாது, நடுக்கத்துக்கும் அலைக்கும் இடையே எவ்வளவு நேரம் இருந்தது, அந்நேரத்தில் யார் என்ன செய்தனர் என்று மாணவரைத் தேடி அறியச் செய்தல் வேண்டும். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கையும் சொல்லிக் கொடுத்து, நான்கையும் தேடச் செய்தல் வேண்டும். இவ்வாறு எழுதிய மாணவனின் கட்டுரையில் உவமைகள் குறையலாம். ஆனால் உண்மையும் இரக்கமும் நிறையும்.

பினாங்கும் கெடாவும் அலை கண்ட கரைகள். சிமெலுவே தொலைவில் இல்லை. அங்கே பாட்டிமார் பாடிய பாட்டுக்கு நிகரான ஒன்று தமிழ்ப் பிள்ளைகளின் பாடநூலில் இடம்பெறுமாயின், தொலைவில் கேட்ட கடல்கோளுக்குத் தமிழ் செய்த நன்றி அதுவே ஆகும்.